பழைய கோடை மாற்ற ஆள் எடுக்கிறார்களே… அதில் எது கஷ்டம்?

1959-ல் உருவான கோபோல் மொழியில்தான் இன்னமும் பல வங்கிகளின் கணக்கு ஓடுது. அதை ஜாவாவுக்கு மாற்றத்தான் ஐடி கம்பெனிகள் ஆள் எடுக்கின்றன. மாற்றித் தர டூல் இருக்கு. ஆனால் முப்பது வருஷத்துக்கு முன் ஒரு வரியை ஏன் சேர்த்தார்கள் என்று அதற்குத் தெரியாது. எழுதியவர் ரிட்டயர் ஆகியிருப்பார். விஷயம் புரியாமல் அந்த வரியைத் தூக்கினால், யாரோ ஒருத்தர் பென்ஷன் தப்பாகும். 2020-ல், கொரோனா நேரத்தில், அமெரிக்காவின் நியூ ஜெர்சி ஆளுநரே கோபோல் தெரிந்தவர்களை உதவிக்குக் கூப்பிட்டார்.

நம்ம நார்த்தாமலை விஜயாலய சோழீச்சரத்தைப் பாருங்க. சாத்தன் பூதி கட்டியது, மழையில் இடிந்தது, மல்லன் விடுமன் புதுப்பித்தது எல்லாம் கல்வெட்டிலேயே இருக்கு. கோடில் அப்படி ஒரு குறிப்பு கிடைத்தால் அதிர்ஷ்டம்தான்!

வேலைக்குச் சேரும் பிள்ளைகளுக்கு முதல் சில வாரம் பழைய கோடைப் படிக்க மட்டுமே கொடுக்கணும். ரிட்டயர் ஆனவரையும் சம்பளம் கொடுத்துப் பக்கத்தில் உட்கார வைக்கணும்.