சின்ன நாயும் பெரிய அன்பும்

சென்ற ஆண்டு ஒருநாள் மாலை, அயல்வீட்டு மூதாட்டியார் தமது பொமரேனியன் நாயை ஏந்திக்கொண்டு எமது இல்லத்துக்கு வந்தார். “மாஸ்டர், நாலு படி ஏறினாலும் இவனுக்கு இளைக்குது, வாத்துக் கத்துற மாதிரி இருமுறான். வயசு ஐந்துதானே!” என்றார் கலங்கிய கண்களுடன்.

நிறுத்துப் பார்த்தோம். இரண்டரைக் கிலோ இருக்கவேண்டிய நாய் மூன்றரைக் கிலோ இருந்தது. வழக்கமான உணவுக்கு மேலாகக் காலையில் விசுக்கோத்து, மாலையில் வெண்ணெய் தடவிய பாண், இடையிடையே பேரப்பிள்ளைகள் ஊட்டுவது வேறு.

பால்டிக் கடலோரப் பொமரேனியாவின் பெயரைத் தாங்கிய இவ்வினம் முன்னர் இத்துணைச் சிறியதன்று. 1888 இல் விக்டோரியா மகாராணியார் புளோரன்ஸ் நகரிலிருந்து கொணர்ந்த மார்க்கோ என்னும் நாய் 12 இறாத்தல் நிறையுடையது. சிறியவற்றையே தேர்ந்து வளர்த்தமையால், இன்று அமெரிக்காவில் இவ்வினத்துக்கு வகுத்த அளவு 3 முதல் 7 இறாத்தலே. உடல் சுருங்கிற்று, பசித்த முகங்காட்டும் வித்தை மட்டும் சுருங்கவில்லை!

மாணவர்களே, ஒரு சிறு கணக்குச் செய்து பாருங்கள். இரண்டரைக் கிலோ நாய்க்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 200 கலோரி போதும். கிறீம் கிறாக்கர் விசுக்கோத்து மூன்று ஏறத்தாழ 100 கலோரி. நமக்குக் கொறிப்பு, அதற்கோ அரைநாள் உணவு. அந்நாயின் நிறை அரைக்கிலோ கூடுவது, அறுபது கிலோ மனிதர் பன்னிரண்டு கிலோ பெருப்பதற்கு ஒப்பாகும். இவ்வினத்தில் மூச்சுக்குழாய் தளர்வதும் முழங்காற்சில்லு விலகுவதும் சாதாரணம். மிகுந்த நிறை இவ்விரண்டையும் கடுமையாக்கும்.

ஆயினும் குட்டியைப் பட்டினி போடலாகாது. மூன்று மாதம்வரை நாளொன்றுக்கு நான்கு வேளை சிறிது சிறிதாக உணவளிக்க வேண்டும். நெடுநேரம் வயிறு வெறுமையாயின் இரத்தத்திற் சீனி குறைந்து குட்டி மயங்கிவிழும். பத்து மாதமளவில் வளர்ச்சி பெரும்பாலும் நிறைவெய்தும். அதன்பின் இரண்டு வேளை, அளந்த உணவே தக்கது. கருத்தடை செய்த நாய்க்கு அவ்வளவையும் சற்றுக் குறைக்க வேண்டும்.

அடர்ந்த உரோமம் கொழுப்பையும் மறைக்கும், மெலிவையும் மறைக்கும். ஆதலாற் கண்ணை நம்பாது கையை நம்புங்கள். விலாவை மெல்லத் தடவும்போது எலும்புகள் அழுத்தாமலே விரலுக்குத் தட்டுப்பட வேண்டும். நீராட்டி ஈரமாயிருக்கையில் மேலிருந்து நோக்கினால் இடுப்பு ஒடுங்கித் தோன்ற வேண்டும்.

மூதாட்டியாரை மிருக வைத்தியரிடம் அனுப்பினோம். கிழமைக்கு நூற்றுக்கு ஒரு பங்கு நிறையே குறைய வேண்டும் என்றார் அவர். அதற்கேற்ப உணவை அளந்து கொடுத்தார். கழுத்துப்பட்டிக்குப் பதில் மார்புப்பட்டி அணிவித்து, வெயிலுக்கு முன் சிறிது நடத்தும்படியும் பணித்தார். விசுக்கோத்துக்குப் பதிலாக அவித்த கரட் துண்டொன்று.

ஐந்து மாதத்தில் 600 கிராம் குறைந்தது. நாய் இப்போது படியேறுகிறது. இருமல் தணிந்ததேயன்றி முற்றாக நீங்கவில்லை. தளர்ந்த மூச்சுக்குழாய் பழைய நிலைக்கு மீள்வதில்லை. “முந்தியே ஒருதரும் சொல்லேல்லையே, மாஸ்டர்!” என்றார் அம்மூதாட்டியார்.

அதனாலேயே இன்று இதனை எழுதினோம்.