கம்பெனி நடத்தினவர் தொகுதியை நடத்திடுவாரா? மில்வாக்கி மேடையும் நம்ம ஊர் நேர்காணலும்



விருப்ப மனு பேச்சு ஆரம்பிச்சதுலேருந்து நம்ம பேஜ் இன்பாக்ஸ்ல ஒரே மாதிரி மெசேஜா வருது. "அண்ணே, இவரு பெரிய தொழிலதிபர். எஸ்டேட்ல ரெண்டு யூனிட் வச்சிருக்காரு, 200 பேருக்குச் சம்பளம் குடுக்கிறாரு. இவருக்கு சீட் குடுத்தா ஏரியாவையே மாத்திக் காட்டுவாரு." கூடவே ஒரு 30 செகண்ட் வீடியோ. ஏதோ ஒரு மேடையில அவர் எதிர்க்கேள்வி கேட்கிறார், கீழே மாஸ் பிஜிஎம். அம்பத்தூர்லேருந்தும் இதுதான் வருது, ஆவடி, பூந்தமல்லிலேருந்தும் இதேதான்.

யாருக்கு சீட்டுங்கறதை தலைமை முடிவு பண்ணும், அதுல ஐடி விங்குக்கு வேலை இல்ல. ஆனா "தொழில் பண்ணினவர், மேடையில நல்லா பேசறார்" இந்த ரெண்டையும் மட்டும் வச்சு ஒருத்தரை எடை போடலாமான்னு கொஞ்சம் பேசணும்னு தோணுச்சு. ஏன்னா இந்த விஷயத்துல நானே ஒரு தடவை நல்லா ஏமாந்திருக்கேன்.

2023 ஆகஸ்ட் 23 சாயங்காலம் 6.04-க்கு சந்திரயான்-3 நிலாவுல இறங்குச்சு. திட்ட இயக்குநர் நம்ம விழுப்புரத்துக்காரர் வீரமுத்துவேல். அன்னிக்கு ராத்திரி பூரா அதுக்கு போஸ்டர் டிசைன் பண்ணிட்டு தூங்கவே இல்ல. விடிஞ்சு 6.30 மணிக்கு அமெரிக்காவுல மில்வாக்கி நகரத்துல குடியரசுக் கட்சியோட முதல் வேட்பாளர் விவாதம் லைவ். அங்க ஒரு கட்சிக்குள்ளயே யார் அதிபர் வேட்பாளர்னு ஓட்டு போட்டுத் தேர்ந்தெடுப்பாங்க. அதுக்கு முன்னாடி போட்டியாளர்கள் எல்லாரும் ஒரே மேடையில நின்னு மோதிக்கணும். நம்ம ஊர்ல அறைக்குள்ள சில நிமிஷத்துல முடியற நேர்காணல், அங்க டிவியில ரெண்டு மணி நேரம் ஓடுதுன்னு வச்சுக்கோங்க.

மேடையில 8 பேர். அதுல 38 வயசு விவேக் ராமசாமி. பாலக்காட்டுத் தமிழ்க் குடும்பம், பிறந்தது ஓஹியோவுல. ரோய்வன்ட் சயின்சஸ்னு மருந்து கம்பெனி ஆரம்பிச்சு கோடீஸ்வரர் ஆனவர். அரசுப் பதவி எதுலயும் அதுவரைக்கும் உட்கார்ந்ததில்ல. அவர் பேசினதுல 40 செகண்டை வெட்டி, தமிழ் சப்டைட்டில் போட்டு, என்னோட சொந்த ஐடியில ஏத்தினேன். காலேஜ் குரூப் பூரா பரவிடுச்சு. "நம்மாளு பின்றான்டா". எனக்கும் அப்போ அதே எண்ணம்தான்.

முழு விவாதத்தையும் நான் பார்த்தது ரொம்ப நாள் கழிச்சு. நான் வெட்டின அந்த 40 செகண்டுக்கு அப்புறம் என்ன நடந்துச்சுங்கறதே அப்போதான் தெரிஞ்சுது. கிறிஸ் கிறிஸ்டி, இவர் பேசறது சாட்ஜிபிடி மாதிரி இருக்குன்னு சொல்லிட்டார். பேர் வித்தியாசமா இருக்கற ஒல்லிப் பையன்னு ராமசாமி தன்னை அறிமுகப்படுத்திக்கிட்டது ஒபாமா ஏற்கெனவே சொன்ன வரின்னும் போட்டு உடைச்சார். வேலைக்கு வந்து வேலை கத்துக்கற நேரம் இது இல்லைன்னார் மைக் பென்ஸ். உக்ரைன் விஷயம் வந்தப்போ நிக்கி ஹேலி, வெளியுறவுல உங்களுக்கு அனுபவமே இல்ல, அது நல்லாவே தெரியுதுன்னு நேராவே சொன்னார். அரங்கம் கைதட்டுச்சு. என் கிளிப்ல இதுல ஒண்ணு கூட இல்ல. இருந்தா எப்படி வைரல் ஆகும்?

இங்க ஒரு வேடிக்கை இருக்கு. தொழில் அனுபவம் ராமசாமிக்கு மட்டும் இருந்த மாதிரிதான் நாம எல்லாரும் பேசினோம். ஹேலி கணக்குப் பதிவியல் படிச்சவங்க, அம்மாவோட துணிக்கடைக் கணக்கைப் பார்த்தவங்க. அப்புறம் மாநில சட்டமன்றம், ஆளுநர் பதவி, ஐ.நா. தூதர்னு ஒவ்வொரு படியா ஏறினவங்க. ஓரத்துல நின்ன டக் பர்கம், தான் வளர்த்த சாஃப்ட்வேர் கம்பெனி 2001-ல மைக்ரோசாஃப்ட்டுக்கு 100 கோடி டாலருக்கு மேல போனவர், அப்போ வடக்கு டகோட்டாவோட ஆளுநர். தொழில், நிர்வாகம் ரெண்டும் தெரிஞ்ச அந்த மனுஷனோட கிளிப் ஒண்ணாவது உங்க வாட்ஸ்அப்புக்கு வந்துச்சா? எனக்கு வரல, நானும் வெட்டல. சத்தமா பேசத் தெரியாதவரை எங்க மாதிரி எடிட்டர்கள் கண்டுக்கறதில்ல, அதுதான் உண்மை.

முடிவு என்ன ஆச்சு? 2024 ஜனவரி 15 அயோவாவுல ராமசாமிக்கு 7.7 சதவீதம், நாலாவது இடம். அன்னிக்கு ராத்திரியே விலகிட்டார். 51 சதவீதம் வாங்கி ஜெயிச்ச டிரம்ப் ஒரு விவாத மேடைக்கும் வரல! அப்போ விவாதமே வேஸ்ட்டான்னு கேட்பீங்க. டிரம்பை மக்கள் ஏற்கெனவே நாலு வருஷம் பதவியில பார்த்தாச்சு, பிடிச்சவங்க பிடிச்சுதான் போட்டாங்க. புதுசா வர்றவரை அளக்கத்தான் மேடை வேணும். அளக்கற ஸ்கேல்தான் நம்மகிட்ட தப்பா இருக்கு.

இப்போ தொழில் விஷயத்துக்கு வர்றேன். ராமசாமியோட கம்பெனிக் கதையையே எடுத்துக்குவோம். ஒரு பெரிய கம்பெனி கைவிட்ட அல்சைமர் மருந்தை 50 லட்சம் டாலர் முன்பணம் குடுத்து வாங்கினாங்க. அதை வச்சு ஆக்சோவன்ட்னு தனி கம்பெனி, 2015-ல பங்குச் சந்தையில 31.5 கோடி டாலர் திரட்டுச்சு. 2017 செப்டம்பர்ல சோதனையில மருந்து தோத்துப் போச்சு, பங்கு விலை ஒரே நாள்ல முக்கால்வாசி காலி. இதை நான் மோசடின்னு சொல்லல. மருந்துத் தொழில்ல பத்துல ஒம்போது தோக்கும், அதைத் தெரிஞ்சுதான் பணம் போடறாங்க. அதே ரோய்வன்ட் குடும்பத்துலேருந்து பின்னாடி அங்கீகாரம் வாங்கின மருந்தும் வந்துச்சு. தொழில்ல ஒரு யூனிட் படுத்தா அதை மூடிட்டு அடுத்ததைத் தொடங்கலாம், அதுக்குப் பேர் ரிஸ்க் எடுக்கறது. ஒரு வட்டத்தை, ஒரு தொகுதியை அப்படி மூட முடியுமா? கொரட்டூர்ல வேலைக்காகலன்னு அதை ரைட்-ஆஃப் பண்ணிட்டு அண்ணா நகர்ல புதுசா தொடங்க முடியுமா?

நம்ம ஊர்லயே இதுக்குப் பெரிய உதாரணம் டி.டி.கிருஷ்ணமாச்சாரி. 1928-லயே தொழில் தொடங்கி டிடிகே குழுமத்துக்கு அடித்தளம் போட்டவர். வியாபாரம் அவருக்கு அத்துப்படி. நேரு அமைச்சரவையில நிதியமைச்சர் ஆனார். 1957-ல புத்தம் புது எல்ஐசி, முந்த்ராங்கறவரோட ஆறு கம்பெனிப் பங்குகள்ல சுமார் 1.24 கோடி ரூபாய் போட்டுச்சு. பிரோஸ் காந்தி நாடாளுமன்றத்துல கிழிச்சுத் தொங்கவிட்டார். நீதிபதி சாக்ளா கமிஷன் மக்கள் முன்னாடியே விசாரிச்சுச்சு. டிடிகே பாக்கெட்டுக்கு அந்தப் பணம் போகல. கையெழுத்து அதிகாரியோடதா இருந்தாலும் பொறுப்பு அமைச்சரோடதுன்னு கமிஷன் சொன்னுச்சு, 1958 பிப்ரவரியில ராஜினாமா. கம்பெனியில ஒரு மேனேஜர் தப்பு பண்ணா முதலாளி அவரை வெளிய அனுப்பிட்டு அடுத்த வேலையைப் பார்ப்பார். அரசாங்கத்துல முதலாளியே வெளிய போகணும். இந்த வித்தியாசம் புரியாம எத்தனை வருஷம் பேலன்ஸ் ஷீட் பார்த்திருந்தாலும் பிரயோஜனம் இல்ல. டிடிகே திறமை இல்லாதவர்னும் யாரும் சொல்ல முடியாது, பின்னாடி அதே நிதியமைச்சர் நாற்காலிக்குத் திரும்ப வந்தார்.

இன்னொரு பக்கம் பாருங்க. நாம உட்கார்ந்திருக்கிற அம்பத்தூர் தொழிற்பேட்டையை எந்தத் தொழிலதிபர் கொண்டுவந்தார்? காமராஜர் ஆட்சியில தொழில் துறை அமைச்சரா இருந்தவர் ஆர்.வெங்கட்ராமன். வக்கீல், தொழிற்சங்க வேலை பார்த்தவர். முதல்ல கிண்டி, அப்புறம் 1960கள்ல அம்பத்தூர். முதல்வர் காமராஜர் பள்ளிக்கூடப் படிப்பையே முடிக்காதவர். ரெண்டு பேருமே லேத் ஓட்டினதில்ல, ஃபேக்டரி வச்சதில்ல. நிலம், ரோடு, கரன்ட், ஷெட் இதெல்லாம் இருந்தா சின்ன முதலாளி தானா வருவான்னு மட்டும் அவங்களுக்குத் தெரிஞ்சிருந்துச்சு. அப்படி வந்தவங்கள்ல ஒருத்தர்தான் எங்க பெரியப்பா. ஆறு பேர் வேலை பார்க்கிற ஜாப் ஒர்க் பட்டறை.

சிங்கப்பூர்காரங்க ஒரு படி மேல போய் தொழில் அனுபவத்தை அரசியல் சாசனத்துலயே எழுதி வச்சிருக்காங்க. தனியார் துறையிலேருந்து அதிபர் தேர்தல்ல நிக்கணும்னா குறைஞ்சது 50 கோடி சிங்கப்பூர் டாலர் பங்குதாரர் மூலதனம் இருக்கற கம்பெனியோட தலைமை நிர்வாகியா இருந்திருக்கணும். அந்த ஊர் அதிபர் ஆட்சி நடத்தறவர் இல்ல, நாட்டோட சேமிப்புக்குக் காவல். அதனால இந்த விதியில ஒரு நியாயம் இருக்கு. 2023-ல ஜார்ஜ் கோங்கற தொழிலதிபருக்கு இந்தத் தகுதி இல்லைன்னு நிராகரிச்சாங்க. களத்துல நின்ன மூணு பேர்ல ஒருத்தர் அரசு முதலீட்டு நிறுவனத்துல முதலீட்டுத் தலைமை பார்த்தவர், இன்னொருத்தர் இன்சூரன்ஸ் நிறுவனத் தலைவரா இருந்தவர். மக்கள் 70.4 சதவீதம் ஓட்டு போட்டது தர்மன் சண்முகரத்னத்துக்கு. பல வருஷம் அமைச்சரா இருந்து, மக்கள் கேள்விக்குப் பதில் சொல்லிப் பழகின நம்ம தமிழர்!

இப்போ 2023 டிசம்பருக்கு வாங்க, மிக்ஜாம். எஸ்டேட் பூரா தண்ணி, பட்டரவாக்கம் பக்கம் இடுப்பளவு. பெரியப்பா பட்டறையில மோட்டார் எல்லாம் மூழ்கிப் போச்சு. அந்த வாரம்தான் அமெரிக்காவுல நாலாவது விவாதம், ஹேலியை ஊழல்வாதின்னு எழுதின அட்டையைத் தூக்கிக் காட்டினாராம் ராமசாமி. நான் பார்க்கல. பால் பாக்கெட் தூக்கிட்டு முட்டித் தண்ணியில நடந்துட்டு இருந்தேன்.

அப்போ கண்ணால பார்த்த ஒண்ணு. பெரியப்பா பட்டறைக்கு எதிர்ல ஒரு பெரிய யூனிட். முதலாளி கெட்டிக்காரர். எங்கேருந்தோ ரெண்டு டீசல் பம்பு பிடிச்சு, ஒரே ராத்திரியில தன் காம்பவுண்டைக் காலி பண்ணிட்டார். தண்ணி எங்க போச்சு? ரோட்டுக்கு. ரோட்டுலேருந்து பெரியப்பா பட்டறைக்கு. அவர் மேல எனக்குக் கோபம் இல்லைன்னு சொன்னா பொய், ஆனா யோசிச்சுப் பார்த்தா அவர் தன் வேலையைச் சரியாத்தான் செஞ்சார். அவர் மெஷின், அவர் தொழிலாளி, அவர் பேங்க் கடன், அதைக் காப்பாத்தறது அவர் பொறுப்பு. ஒரு கவுன்சிலருக்கோ எம்எல்ஏவுக்கோ காம்பவுண்டு கிடையாது தோழர்களே. இந்தத் தெருத் தண்ணியை அடுத்த தெருவுக்குத் தள்ளினா அங்கேயும் அவருக்கு ஓட்டு போட்டவங்கதான் இருப்பாங்க.

அப்போ தொழில் அனுபவம் சுத்தமா வேண்டாமான்னா, வேணும். மாசம் 7-ம் தேதி சம்பளம் போட முடியாம தவிச்சவருக்குத்தான் சின்ன முதலாளியோட வலி தெரியும். செஞ்சு குடுத்த வேலைக்கு 45 நாளுக்குள்ள பணம் தரணும்னு 2006-லயே சட்டம் வந்தாச்சு. பெரியப்பாவுக்கு ஒரு பெரிய கம்பெனி ஏழு மாசம் இழுத்தடிச்சுது. புகார் குடுத்தா அடுத்த ஆர்டர் வராதுங்கற பயத்துல அவர் வாயே திறக்கல. இதைச் சட்டமன்றத்துல பேச, அனுபவிச்சவர் ஒருத்தர் இருந்தா நல்லதுதான். அதனால "தொழிலதிபர்"னு யாராவது சொன்னா நான் இப்பெல்லாம் அடுத்த கேள்வி கேட்கிறேன். என்ன தொழில்? சப்ளையருக்கு எத்தனை நாள்ல பணம் குடுக்கிறார்? வேலை செய்யறவங்களுக்கு பிஎஃப், இஎஸ்ஐ கட்டறாரா? மழைக்கு பம்பு போட்டப்போ தண்ணியை எந்தப் பக்கம் விட்டார்?

மேடைப் பேச்சுக்கும் இதே மாதிரிதான். "ஏரியைச் சீரமைப்பேன்"னு ஒருத்தர் சொன்னா கைதட்டாதீங்க. ஏரி நீர்வளத் துறைகிட்ட, மழைநீர் வடிகால் மாநகராட்சிகிட்ட, சி.டி.எச். ரோடு நெடுஞ்சாலைத் துறைகிட்ட, பாதாளச் சாக்கடை குடிநீர் வாரியத்துகிட்ட. அம்பத்தூர் 2011-லேருந்து சென்னை மாநகராட்சி, ஆவடி 2019-லேருந்து தனி மாநகராட்சி, பூந்தமல்லி நகராட்சி. தண்ணிக்கு இந்த எல்லை எதுவும் தெரியாது. இத்தனை ஆபீஸையும் ஒரே மேஜையில உட்கார வைக்க என்கிட்ட என்ன வழி இருக்குன்னு யார் சொல்றாரோ, அவர் குரல் கம்மியா இருந்தாலும் காது குடுத்துக் கேளுங்க. எங்க ஏரியாவுல 25 வருஷமா பூத் வேலை பார்க்கிற ஒரு அண்ணன் இருக்கார். மைக் பிடிச்சா திக்குவார். எந்தச் சின்னக் கால்வாய் எந்த வீட்டுக்கு அடியில மறைஞ்சிருக்குன்னு அவருக்குத் தெரியும். அவரை வச்சு எனக்கு ஒரு ரீல் கூட எடுக்கத் தெரியல. அந்தக் குறை எடிட்டரோடது.

ஒரு முடிவு எடுத்திருக்கோம். விருப்ப மனு குடுக்கிறவங்களோட 30 செகண்ட் மாஸ் கிளிப் இந்த பேஜ்ல இனி வராது. பேசினதை முழுசா அனுப்புங்க, வெட்டாம போடறோம். எதிர்க்கேள்வி வர்ற இடம், திணர்ற இடம் எல்லாம் இருக்கட்டும். வியூஸ் குறையும், பரவாயில்ல. கமென்ட்ல உங்க வட்ட எண்ணைப் போட்டு, வேட்பாளரா வர நினைக்கிறவர்கிட்ட நீங்க கேட்க விரும்பற ஒரே ஒரு கேள்வியை எழுதுங்க. தொகுத்து பகுதிச் செயலாளர்கிட்ட நேர்ல குடுக்கிறோம்.

– ஐடி விங் தன்னார்வலர், அம்பத்தூர்

#அம்பத்தூர் #ஆவடி #பூந்தமல்லி #முழுசாகேளுங்க