ஒற்றைக் கோடும் இரட்டைக் கோடும்

பட்டாளத்துக்காரன் அழுது பார்த்திருக்கிறீர்களா? நாம் பார்த்ததில்லை. ஆனால் 2023-ம் வருஷம் தீபாவளிக்கு மறுநாள் மாலை, நம் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, காப்பி ஆறிப் போகும் வரையில் தம்ளரையே உற்று நோக்கிக் கொண்டிருந்த ஒரு பட்டாளத்துக்காரனைப் பார்த்தோம். அவன் அழுதிருந்தால்கூடத் தேவலை என்று தோன்றிற்று.

அவன் நம்முடைய பழைய மாணாக்கன். சரித்திரத்தில் சுமாராகவும், கணக்கில் அதைவிடச் சுமாராகவும், ஓட்டப் பந்தயத்தில் மட்டும் முதலாவதாகவும் தேறியவன். வேலூரைச் சுற்றியுள்ள கிராமங்களில் தகப்பனுக்குப் பின் பிள்ளை பட்டாளத்துக்குப் போகிற குடும்பங்கள் அநேகம். இவனுடைய குடும்பமும் அவற்றில் ஒன்று. 2014-ல் சிப்பாயாகச் சேர்ந்தான். பிறகு லான்ஸ் நாயக் ஆனான். அதற்கு அடையாளம், கைச் சட்டையில் ஒற்றைக் கோடு. அடுத்த படி நாயக். அதற்கு இரட்டைக் கோடு. அதற்கும் மேலே மூன்று கோடுள்ள ஹவில்தார்.

"ஸார், லிஸ்ட் வந்துவிட்டது. எனக்குப் பின்னால் சேர்ந்தவர்கள் இரண்டு பேர் நாயக் ஆகிவிட்டார்கள். என் பெயர் இல்லை" என்றான்.

"ஏன் என்று கேட்டாயா?"

"பட்டாளத்தில் ஏன் என்று கேட்கக் கூடாது என்று அப்பா சொல்கிறார்."

அவனுடைய தகப்பனாரை நாம் நன்கு அறிவோம். நாயக்காக ஓய்வு பெற்றவர். காலை ஐந்து மணிக்குக் கோலம் போட வரும் பெண்கள் அவருடைய நடையைக் கண்டு நேரம் தெரிந்து கொள்வார்கள். அவர் சொல்லும் நியாயமும் அலட்சியம் செய்யத் தக்கதல்ல. பதவி உயர்வு கிட்டாத சிப்பாய்க்கும் 8, 16, 24 வருஷங்கள் முடிந்தவுடன் அடுத்த சம்பளப் படியைக் கொடுக்கும் திட்டம் ஒன்று இருக்கிறது. பையனுக்கு 2022-லேயே எட்டு வருஷம் முடிந்து, நாயக்கின் சம்பளப் படி வந்துவிட்டது. "பணம்தான் வந்துவிட்டதே, கோட்டுக்காக ஏன் சண்டை?" என்பது பெரியவருடைய கட்சி.

காசு வந்துவிட்டது, கோடு வரவில்லை. இதில் என்ன நஷ்டம் என்று வாசகர்களில் சிலரும் கேட்கக்கூடும். நஷ்டம் உண்டு. பட்டாளத்தில் பணிக்காலம் பதவியைப் பொறுத்தது. சிப்பாயாகவே இருப்பவனைவிட நாயக் சில வருஷங்கள் அதிகம் பணியாற்றலாம். ஹவில்தார் அதற்கும் மேலே. ஆகவே ஒரு கோடு என்பது, குழந்தைகள் இன்னும் பள்ளிக்கூடத்தில் இருக்கும்போதே ஒரு குடும்பம் சம்பளத்திலிருந்து பென்ஷனுக்கு இறங்குமா, இறங்காதா என்ற விஷயம். பத்துப் பேரை நடத்திச் செல்லும் பொறுப்பு யாருக்கு என்ற விஷயமும் அதில் அடங்கியிருக்கிறது.

பையனுக்கோ வேறு யோசனை. கைபேசியின் முன்னால் நின்று தன் குறையைச் சொல்லி, அதை உலகத்துக்கெல்லாம் அனுப்பிவிடலாம் என்று யாரோ நண்பன் தூபம் போட்டிருந்தான். நாம் பதறிப் போனோம். அநுமதியின்றி வெளியாருக்கும் பத்திரிகைகளுக்கும் இராணுவ விஷயங்களை எழுதுவதை 1954-ம் வருஷத்து இராணுவ விதிகள் தடுக்கின்றன. சங்கம் சேர்க்கும் உரிமையையும் அவை வரம்புக்குள் வைக்கின்றன. பாராளுமன்றம் இப்படி வரம்பு கட்டுவதற்கு அரசியல் சட்டத்தின் 33-வது பிரிவு இடம் கொடுக்கிறது. அந்தப் படம் வெளியாகியிருந்தால் அவன் குறை கேட்பவனாக இருந்திருக்க மாட்டான். குற்றம் சாட்டப்பட்டவனாக ஆகியிருப்பான்.

ஆகவே நாம் உபதேசம் செய்தோம். "பொறு, தம்பி. அடுத்த லிஸ்டில் வரும்" என்றோம். உபதேசம் செய்வது உபாத்தியாயர்களுக்குச் சுலபமான காரியம். பையனும் தலையை ஆட்டிவிட்டுப் போனான்.

நாம் சொன்னது தவறு என்பது 2024-ம் வருஷம் மே மாதத்தில் விளங்கிற்று. அவன் மறுபடியும் விடுமுறையில் வந்தான். கையில் அதே ஒற்றைக் கோடு. இதற்கிடையில் அவனுடைய கம்பெனி கமாண்டர் மாற்றலாகிப் போய்விட்டார். அவன் பயிற்சியில் தேறியதை நேரில் கண்டவர்களில் ஒருவர் ஓய்வு பெற்று ஊருக்குப் போய்விட்டார். பொறுமை என்று நாம் பெயர் வைத்தது, சாட்சிகள் ஒவ்வொருவராக எழுந்து போவதற்கு நாம் கொடுத்த அவகாசமாக முடிந்திருந்தது!

வெட்கத்துடன், அந்தக் கோடை விடுமுறையில் 1950-ம் வருஷத்து இராணுவச் சட்டத்தை எடுத்துப் படித்தோம். அதன் 26-வது பிரிவைக் கண்டபோது ஆச்சரியமாயிருந்தது. அதிகாரி அல்லாத எந்தப் படைவீரனும், மேலதிகாரியால் தனக்கு அநியாயம் நேர்ந்தது என்று கருதினால், தன் கம்பெனியை நடத்தும் அதிகாரியிடம் முறையிடலாம். அந்த அதிகாரியின் மேலேயே குறை என்றால் அவருக்கு அடுத்த மேலதிகாரியிடம் போகலாம். முறையீட்டைப் பெற்றவர் அதைக் கூடிய மட்டில் பூரணமாக விசாரிக்க வேண்டும். அவசியமானால் மேலே அனுப்ப வேண்டும். "ஏன் என்று கேட்கக் கூடாது" என்பது பட்டாளத்தின் வழக்கமாக இருக்கலாம். பட்டாளத்தின் சட்டம் அதுவல்ல. யாரிடம் கேட்பது, எப்படிக் கேட்பது என்பதைத்தான் சட்டம் வரையறுத்திருக்கிறது.

அதே சட்டத்தின் 56-வது பிரிவையும் படித்தோம். பொய் என்று தெரிந்தே பிறர் மீது குற்றம் சுமத்துவதும், முறையீட்டில் ஒருவருடைய நடத்தையைப் பற்றிப் பொய் சொல்வதும் தண்டனைக்குரிய குற்றம். வாசலைத் திறந்து வைத்த சட்டம், வாசற்படியில் ஓர் எச்சரிக்கைப் பலகையையும் மாட்டியிருக்கிறது!

மறுநாள் பையனை அழைத்து உட்கார வைத்தோம். முதலில், இது அநியாயந்தானா என்று பார்க்கவேண்டுமல்லவா? நாயக் ஆவதற்குக் காலியிடம் வேண்டும். பதவி உயர்வுக்கான காடர் பயிற்சியில் தேற வேண்டும். படிப்புச் சான்றிதழ் வேண்டும். உடல்நிலைத் தரம் குறையாதிருக்க வேண்டும். தண்டனைக் குறிப்புகள் வரம்புக்குள் இருக்க வேண்டும். மேலதிகாரியின் சிபாரிசும் வேண்டும். இவற்றில் ஒன்று இல்லையென்றால் கோடு வராதது அநியாயமல்ல; குறையை நிவர்த்தி செய்து கொள்ள வேண்டியவன் அவனே. ஒவ்வொன்றாகக் கேட்டுக் குறித்துக் கொண்டு வந்தோம். எல்லாம் சரியாயிருந்தது. காடர் பயிற்சியில் மட்டும் ஒரு முடிச்சு. 2022-ல் அவன் தற்காலிகமாக வேறொரு பிரிவில் இருந்தபோது அங்கே தேறியிருந்தான்.

பட்டாளத்தில் ஒருவன் வாழ்க்கையில் நடக்கும் ஒவ்வொரு சம்பவமும் — கல்யாணம், பிள்ளைப் பேறு, பயிற்சி, தேர்வு — 'பார்ட் டூ ஆர்டர்' என்ற உத்தரவில் பிரசுரமாகி, ரெஜிமெண்டின் ரிக்கார்டு ஆபீஸுக்குப் போய்ச் சேர வேண்டும். அந்த ஆபீஸுக்கு மனிதனைத் தெரியாது, காகிதத்தைத்தான் தெரியும். காகிதம் வராவிட்டால், மலை உச்சியில் மூட்டை சுமந்து தேறியவனும் தேறாதவனே.

"நீ தேறியது பார்ட் டூ ஆர்டரில் வந்ததா?" என்று கேட்டோம். பையன் விழித்தான். ஒரு வருஷமாக அவன் நெஞ்சில் ஒரு விரோதியை உருவாக்கி வைத்திருந்தான். அந்த விரோதிக்கு முகமும் மீசையும் கூடக் கொடுத்திருந்தான். அப்படி ஒருவரும் இல்லாமலே, எங்கேயோ ஒரு மேஜையிலிருந்து இன்னொரு மேஜைக்குப் போக வேண்டிய தாள் ஒன்று போகாமல் இருந்திருக்கலாம் என்பது அவனுக்குத் தோன்றவே இல்லை. நமக்குந்தான் தோன்றவில்லை.

பிறகு மனு எழுதினான். அவன் எழுதி வந்த முதல் பிரதியில் 'அநியாயம்' நான்கு தடவையும் 'பாரபட்சம்' மூன்று தடவையும் இருந்தன. வகுப்பில் கட்டுரை திருத்துவது போலச் சிவப்பு மசியை எடுத்து அவ்வளவையும் அடித்தோம். முகம் வாடிற்று. "தம்பி, உனக்குத் தெரிந்ததை எழுது; நீ சந்தேகப்படுவதை எழுதாதே" என்றோம். மிஞ்சியது ஒரே பக்கம்: சேர்ந்த தேதி, பயிற்சியில் தேறிய தேதி, லிஸ்ட் வந்த தேதி, தேறியது பிரசுரமாகியிருக்கிறதா என்று பார்த்து, இல்லையென்றால் பிரசுரம் செய்து, தன் ஸீனியாரிட்டியைச் சரிசெய்ய வேண்டும் என்ற வேண்டுகோள், சான்றிதழின் நகல். ஒரு பிரதியைத் தானே வைத்துக் கொண்டு, கொடுத்த தேதியையும் குறித்துக் கொள்ளும்படி சொன்னோம்.

அந்தத் தேதிக்கு ஒரு மகிமை உண்டு. 2007-ம் வருஷத்துச் சட்டப்படி ஆயுதப் படைகளுக்கென்று தனி நியாய மன்றம் அமைந்து, 2009 முதல் நடந்து வருகிறது. சென்னையிலும் அதற்கு ஒரு கிளை உண்டு. ஆனால், படைக்குள்ளே முறையிடாமல் நேரே வருபவனை அது சாதாரணமாக ஏற்பதில்லை. முறையிட்டும் ஆறு மாதம் பதில் இல்லையென்றால் அங்கே போகலாம். முடிவான பதில் வந்துவிட்டால், அதிலிருந்து ஆறு மாதத்துக்குள் போக வேண்டும். காகிதம் எழுதாதவனுக்கு இந்தக் கடிகாரம் ஓடத் தொடங்குவதே இல்லை. தன்னைப் பற்றிய குறிப்புகளின் நகலைக் கேட்க 2005-ம் வருஷத்துத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் சிப்பாய்க்கும் உதவும்; பொதுவாக 30 நாளில் பதில் வர வேண்டும்.

இவ்வளவும் தேவைப்படவில்லை. பையன் முறைப்படி இண்டர்வியூ கேட்டு, புதிய கம்பெனி கமாண்டர் முன் நின்றான். அவர் மனுவை ஒரு முறை படித்துவிட்டு, ஹெட் கிளார்க்கைக் கூப்பிட்டாராம். ரிக்கார்டு ஆபீஸுக்குக் கடிதம் போயிற்று. காடர் முடிவு பிரசுரமாகவே இல்லை என்று பதில் வந்தது. பழைய பிரிவிலிருந்து தாள் வந்து சேர மேலும் சில மாதங்கள் ஆயின.

2025-ம் வருஷம் பொங்கலுக்கு இரட்டைக் கோட்டுடன் வந்தான். ஸீனியாரிட்டியும் பழைய இடத்துக்கே திரும்பியிருந்தது. தகப்பனாரும் கூட வந்திருந்தார். வெகு நேரம் பேசாமல் இருந்தவர், பையன் உள்ளே போனதும் மெதுவாகச் சொன்னார்:

"வாத்தியார் ஐயா, எனக்கும் ஹவில்தார் லிஸ்டில் பெயர் விட்டுப் போயிற்று. அப்போது நான் கேட்கவில்லை. கேட்காமல் இருப்பதுதான் டிஸிப்ளின் என்று நினைத்திருந்தேன். என் தாளும் எங்கேயாவது ஒரு மேஜையில் கிடந்திருக்குமோ என்னவோ!"

நாம் பதில் சொல்லவில்லை. அதற்கு யார் என்ன பதில் சொல்ல முடியும்?

2022 முதல் அக்னிவீரர்களாக நாலு வருஷத்துக்குச் சேரும் பிள்ளைகளில் 25 சதவிகிதத்துக்கு மேற்படாதவர்களே நிரந்தரப் படையில் எடுத்துக் கொள்ளப்படுவார்கள் என்பது திட்டம். அவர்களுக்குக் காகிதம் இன்னும் முக்கியமானது. ஆகவே, வீட்டில் பட்டாளத்துப் பிள்ளையுள்ள தாய்மார்களுக்கும் தகப்பன்மார்களுக்கும் ஒரு வார்த்தை. விடுமுறையில் வரும்போது, சாப்பிட்டாயா என்று கேட்பதோடு, தேறியதெல்லாம் ஆர்டரில் வந்துவிட்டதா என்றும் கேளுங்கள். வரவில்லை என்றால், பொறுத்திரு என்று நம்மைப் போல் உபதேசம் செய்யாதீர்கள். ஒரு தாளும் பேனாவும் எடுத்துக் கொடுங்கள்.