அறிவியல் பள்ளி வரட்டும். உள்ளே போவது யார்?

அரசும் தனியாரும் சேர்ந்து அறிவியல் தொழில்நுட்ப இடைநிலைப்பள்ளி நடத்துவது புதிய யோசனையல்ல. 2011-இல் நியூயார்க்கின் புரூக்ளினில் ஐபிஎம் நிறுவனம், மாநகரக் கல்வித்துறை, நகரப் பல்கலைக்கழகம் மூன்றும் சேர்ந்து பி-டெக் பள்ளியைத் தொடங்கின. நுழைவுத் தேர்வு கிடையாது. ஆறாண்டுக்குள் பள்ளிச் சான்றிதழோடு ஈராண்டுக் கல்லூரிப் பட்டமும் இலவசமாகக் கிடைக்கும்.

அதே ஆண்டு இங்கே கசானாவின் யாயாசான் அமீர், கல்வி அமைச்சுடன் இணைந்து 10 பள்ளிகளில் டிரஸ்ட் பள்ளித் திட்டத்தைத் தொடங்கியது. (கசானாவே அரசின் முதலீட்டு நிறுவனம், 'தனியார்' என்ற சொல்லைச் சற்றுத் தளர்வாகத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும்.) அவை ஏற்கெனவே இருந்த பள்ளிகள். புதிதாக ஒன்று எழுப்பினால், கட்டடமும் ஆய்வுக்கூடமும் பணம் இருந்தால் வந்துவிடும். எனக்கு உறுத்துவது சேர்க்கை விதிதான். 'ஏ'க்களை மட்டும் எண்ணினால் டியூஷன் வசதியுள்ள பட்டணத்துப் பிள்ளைகளே நிறைவார்கள். விடுதி இல்லையென்றால் தோட்டத்துப் பிள்ளை விண்ணப்பிக்கவே யோசிக்கும்.

தமிழும் இருக்கிறது. 15 மாணவர்களின் பெற்றோர் கேட்டால் தேசிய இடைநிலைப்பள்ளியில் தமிழ் கற்க வசதி செய்யவேண்டும் என்கிறது 1996 கல்விச் சட்டம். கூட்டாக நடத்தும் பள்ளியில் அந்த மனுவை யாரிடம் நீட்டுவது, தலைமையாசிரியரிடமா, பணம் போட்ட நிறுவனத்திடமா? ஒப்பந்தம் கையெழுத்தாகுமுன் பெற்றோர் சங்கங்கள் இதை எழுத்தில் கேட்டு வாங்கவேண்டும்.