எஸ்.பி.எம். கணிதம்: எந்தப் பயிற்சித் தாளைச் செய்வது, எதை விடுவது?

ஜொகூரில் ஐந்தாம் படிவம் படிக்கிறீர்களா? அப்படியென்றால் உங்கள் டெலிகிராமில் இந்நேரம் கேள்வித்தாள்கள் மலையாகக் குவிந்திருக்கும். வேறு மாநிலங்களின் டிரையல் தாள், எம்.ஆர்.எஸ்.எம். தாள், டியூசனில் கொடுத்த செட், அண்ணன் விட்டுப்போன பழைய தொகுப்பு. எல்லாத்தையும் செய்ய முடியாது. செய்யவும் வேண்டாம்.

தாளைத் தேர்ந்தெடுப்பது உங்களுக்கு ஏன் இவ்வளவு முக்கியம்? 2008-இல் பிறந்து 2025-இல் எஸ்.பி.எம். எழுதியவர்களைப் பாருங்கள். ஆறாம் ஆண்டில் அவங்க எழுதியிருக்க வேண்டிய யு.பி.எஸ்.ஆர். 2020-இல் கோவிட்டால் ரத்தானது. அடுத்த ஆண்டே அந்தத் தேர்வு அகற்றப்பட்டது. 2022-இல் பி.டி.3-உம் போனது. ஆக, அவர்கள் உட்கார்ந்த முதல் பொதுத் தேர்வே எஸ்.பி.எம்.தான். அடுத்து வரும் உங்களுக்கும் அதே நிலைமை. பயிற்சித் தாள்தான் உங்களுக்கு இருக்கிற ஒரே ஒத்திகை.

முதலில் ஆண்டைப் பாருங்க

கணிதத்தின் குறியீடு அன்றும் 1449, இன்றும் 1449. இதை நம்பித்தான் நிறைய பேர் ஏமாறுகிறார்கள். அட்டையில் எண் மாறவில்லை, உள்ளே தேர்வே மாறிவிட்டது. கே.எஸ்.எஸ்.எம். பாடத்திட்டத்தில் முதல் எஸ்.பி.எம். 2021-க்கானது. தொற்றுநோயால் அது 2022 மார்ச்சில்தான் நடந்தது. 2020 வரையிலான தாள்கள் எல்லாம் பழைய பாடத்திட்டத்தைச் சேர்ந்தவை.

என்ன வித்தியாசம்? பழைய தாளில் பூமியைக் கோளமாக வைத்து, இரண்டு ஊருக்கு இடையிலான தூரத்தைக் கடல் மைலில் கேட்பார்கள். அந்தப் பாடம் இப்போது கிடையாது. ஒரு மாலை முழுக்க அதோடு மல்லுக்கட்டினால் அந்த மாலை போனதுதான். மறுபக்கம், நீங்கள் படிக்கும் காப்புறுதி, வருமான வரி, கிராஃப் தியரி, கணித மாதிரியாக்கம் ஆகியவற்றைப் பழைய தாளில் தேடினாலும் கிடைக்காது.

அமைப்பும் வேற. பழைய முதல் தாளில் 40 அப்ஜெக்டிவ் கேள்விக்கு ஒன்றேகால் மணி நேரம். இப்போது ஒன்றரை மணி நேரம், அதாவது ஒரு கேள்விக்கு இரண்டேகால் நிமிடம். பழைய இரண்டாம் தாளில் பி பிரிவில் ஐந்தில் நான்கைச் செய்தால் போதும். பிடிக்காத ஒன்றை விட்டுவிடலாம். இப்போது ஏ பிரிவில் 10 கேள்வி, 40 புள்ளி, பி பிரிவில் 5 கேள்வி, 45 புள்ளி, அத்தனையும் கட்டாயம். சி பிரிவில் மட்டும் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம், அதற்கு 15 புள்ளி. "மெட்ரிக்ஸ் எனக்கு வராது, விட்டுர்றேன்" என்ற கணக்கு இனி எடுபடாது.

அப்போ பழைய தாளைத் தூக்கிப் போட்டுடலாமா? வேண்டாம். கணங்கள், எண் அடிமானம், மாறல், மெட்ரிக்ஸ் இதற்கெல்லாம் அது இன்னமும் நல்ல சுரங்கம். பாடம் பாடமாகப் பிரித்து எடுங்கள். கடிகாரம் வைத்து முழுத் தாளாக மட்டும் செய்யாதீர்கள். வரும் புள்ளி எதையும் காட்டாது.

டிரையல் தாளில் எது நல்ல தாள்?

என் பார்வையில், திறந்தவுடன் பார்க்க வேண்டியது கடைசிப் பக்கங்களை. சி பிரிவில் ஒரே சூழலை வைத்து இரண்டு மூன்று பாடங்களைக் கோத்துக் கேட்டிருந்தால், போட்டவர் புதிய அமைப்பைப் புரிந்துகொண்டு போட்டிருக்கிறார். பழைய கேள்வியை வெட்டி ஒட்டி 15 புள்ளியாக்கியிருந்தால் ஒதுக்கிவிடுங்கள். அடுத்து, விடைத் திட்டம் இருக்கிறதா? வெறும் இறுதி விடை போதாது. வழிமுறைக்கு எத்தனை, விடைக்கு எத்தனை என்று புள்ளி பிரித்திருக்கணும். நமக்குப் புள்ளி நழுவுவது பெரும்பாலும் வழிமுறையில்தான். தேர்வு வாரியம் புதிய அமைப்புக்காக வெளியிட்ட மாதிரித் தாளைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டால் சட்டென்று தெரிந்துவிடும்.

ஜொகூர் பாரு பக்கம் பாலத்தைத் தாண்டி சிங்கப்பூர் ஓ லெவல் புத்தகங்களும் வருகின்றன. குறிப்பிட்ட பாடத்தில் கை பழக அவை உதவும், மறுக்கவில்லை. ஆனால் அங்கே கணிதத்தில் அப்ஜெக்டிவ் தாளே கிடையாது, பாடப் பட்டியலும் வேறு. முழு ஒத்திகைக்கு ஆகாது.

தமிழ்ப்பள்ளியிலிருந்து வந்தவர்கள் மொழியையும் கவனியுங்கள். உண்மையான தாள் மலாய், ஆங்கிலம் இரண்டிலும் அச்சாகிறது. எதில் வேண்டுமானாலும் பதில் எழுதலாம். மலாயில் மட்டும் உள்ள டிரையல் தாளில் ஒரு சொல் புரியாமல் கேள்வியை விட்டால், அது கணிதப் பலவீனம் ஆகாது. இருமொழித் தாளாகப் பார்த்து எடுங்க.

இன்னொன்று. எஸ்.பி.எம். முதல் படிவப் பாடத்திலிருந்தே கேட்கும். பி.டி.3 இல்லாததால் நேர்கோடு, வட்டத் தொடுகோடு போன்ற மூன்றாம் படிவப் பாடங்களை நீங்கள் எந்தப் பொதுத் தேர்வுக்காகவும் திரும்பிப் பார்த்ததில்லை. முதல் தாளில் தவறிய கேள்விகளைப் படிவ வாரியாகக் குறித்துப் பாருங்கள். ஓட்டை கீழ் வகுப்பில் இருந்தால் இன்னொரு டிரையல் தாள் அதை அடைக்காது. மூன்றாம் படிவப் பயிற்சி நூல்தான் தேவை.

2021-க்குப் பிந்தைய உண்மையான தாள்கள் சிலதான் இருக்கின்றன. அவற்றை இப்போதே செலவழிக்காதீர்கள். இரண்டையாவது தொடாமல் வைத்து, கடைசி வாரங்களில் காலையில் உட்கார்ந்து நேரம் வைத்துச் செய்யுங்கள்.

கூடுதல் கணிதம் எடுப்பவர்களுக்கும் இதே ஆண்டுக்கோடுதான். பழைய முதல் தாளில் 25 கேள்வியும் கட்டாயம். இப்போது ஏ பிரிவில் 12 கேள்வி, பி பிரிவில் மூன்றில் இரண்டு. நேரம் அதே இரண்டு மணி, புள்ளியும் அதே 80.