தபால் பெட்டி நின்ற இடத்திலேயே நிற்கட்டும்

பூட்டுக்கும் இரும்புப் பெட்டிக்கும் பேர்போன திண்டுக்கல் மாணவர்களுக்கு இரும்பின் அருமை தெரியும். விக்டோரியா மகாராணி காலத்துத் தபால் பெட்டிகளும் இரும்புதான், வார்ப்பிரும்பு. பிரிட்டனில் 1866-இல் பென்ஃபோல்டு வடிவமைத்த அறுகோணப் பெட்டிகள் சில இன்றும் நகரத் தெருக்களில் கடிதம் வாங்குகின்றன. எப்படி?

வார்ப்பிரும்பில் கரி 2 முதல் 4 சதவீதம் வரை உண்டு. அதனால் எளிதில் உருகி அச்சில் பாயும். ஆனால் காற்றும் ஈரமும் சேர்ந்தால் துருப்பிடிக்கும். வர்ணப் பூச்சுதான் அதற்குக் கவசம். புழக்கத்திலுள்ள பெட்டிக்கே காலந்தோறும் பூச்சு கிடைக்கும். கைவிடப்பட்டதைத் துரு தின்றுவிடும்.

2002-இல் பிரிட்டனின் அஞ்சல் நிறுவனம், பழைய பெட்டிகளை நின்ற இடத்திலேயே பயன்படுத்த ஒப்புக்கொண்டது. நம் ஊர்களுக்கும் அதுவே நல்ல வழி. சாலையை அகலப்படுத்தும்போது பழம்பெட்டியைப் பழைய இரும்புக்குப் போடலாமா? மாணவர்களே, மாதம் ஒரு கடிதமாவது எழுதிப் பெட்டியில் போடுங்கள்!