புல்லட் அன்பரும் குலவேற்றுமையும்

மோட்டார் சைக்கிள் ஊர்தலிற் பெருவிருப்புடையார் தம்முள் ஒரு குலவேற்றுமை வளர்ந்து வருதல் கண்கூடு. 1955-இல் சென்னையில் நிறுவப்பெற்ற என்பீல்டு இந்தியா நிறுவனத்தார் திருவொற்றியூரில் ஆக்கிவந்த பழைய புல்லட் வண்டியை எழுப்புதல் ஒரு கலையே. அம்மீட்டர் முள் நடுநிலை எய்துங்காறும் கிக்கரை மெல்ல அழுத்தி, டிகம்ப்ரஸரை இழுத்துப் பிஸ்டனைச் சிறிது நகர்த்தி, பின்னரே ஓங்கி உதைத்தல் வேண்டும்; முறை பிழைப்பின் கிக்கர் திருப்பி அடிக்கும். அன்றியும், கியர் வலக்காலுக்கும் பிரேக் இடக்காலுக்கும் உரியனவாயிருந்தன. இவ்வருமை பயின்றோர் அதனைப் போற்றுதல் தகும். ஆயின், பொத்தானை அழுத்தி இயக்கும் புதிய வண்டியுடையாரை, ‘இவரும் ஒரு புல்லட்காரரோ!’ என எள்ளுதல் எற்றுக்கு? (எள்ளுவோருள்ளும் பழைய வண்டியை நேற்று விலைகொடுத்து வாங்கியோர் உளர், அது வேறு செய்தி.) மொபெட்டில் தண்ணீர்க்குடமும் காய்கறி மூட்டையும் ஏற்றிச் செல்வாரோ இவர்தம் கணக்கில் வண்டி ஊர்வோரே அல்லர்!

சைலன்சரை மாற்றி மருத்துவமனை வாயிலில் முழக்குவாரைப் பற்றிப் பேசவேண்டா; அது சட்டத்தின் பாற்படும்.

இவ்வன்பர்பால் ஒரு நல்வழக்கமும் உண்டு. நெடுஞ்சாலையில் எதிர்ப்படுவார்க்குக் கையுயர்த்தி வாழ்த்துவர். பழுதுற்று நிற்பாரைக் காணின் தம் வண்டியை நிறுத்தி உதவுவர். இதற்கு வண்டியின் பெயரை நோக்குதல் என்ன முறை? செயின் அறுந்து நிற்பவன் எவ்வண்டியினனாயினும் அவனுக்கு வேண்டுவது ஸ்பானரும் ஒரு துணைக்கையுமே. பழைய வண்டி வாங்கிய இளைஞனொருவன் அம்மீட்டர் முள்ளின் நுட்பம் வினவின், நகையாது அருகிருந்து காட்டுக. அவன் வேறு யாரிடம் சென்று அதனைக் கற்பான்?